சேவுகம்பட்டிக் களத்தில் ஒரு கியர் ஆயில் வேலை

எங்கள் பழைய ஒர்க்‌ஷாப் ஆட்கள் சேர்ந்து வாட்ஸ்அப்பில் ஒரு குழு வைத்திருக்கிறோம். காலை வணக்கம், பேரப்பிள்ளைகளின் பிறந்தநாள், கண்ணீர் அஞ்சலி இவற்றுக்கு நடுவே எப்போதாவது வேலை சம்பந்தமாகவும் ஒரு பேச்சு வரும். போன வாரம் செந்தில் ஒரு கேள்வி போட்டான். ஒரு காலத்தில் என்னோடு வேலை பார்த்தவன், இப்போது திண்டுக்கல் பைபாஸ் பக்கம் சொந்தமாக ஷெட் வைத்திருக்கிறான். ஆட்டோமேட்டிக் காருக்கு வீட்டிலேயே கியர் ஆயில் மாற்றுவது எப்படி என்று வீடியோக்கள் வருகின்றனவாம். அதைப் பார்த்துச் செய்துவிட்டுப் பாதியில் மாட்டிக்கொண்டவர்கள் அவனுக்குப் போன் செய்கிறார்களாம். வீட்டில் செய்யலாமா கூடாதா என்று நான் ஒரு வார்த்தை எழுதிக் கொடுத்தால் எல்லோருக்கும் அனுப்பிவிடுவானாம்.

ஒரு வார்த்தையில் எழுதுகிற ஆள் நான் இல்லை என்பது அவனுக்குத் தெரியும். செய்யத் தெரியாதவன் மேல் எனக்குக் கோபம் வராது, அவசரக்காரன் மேல்தான் வரும் என்பதும் தெரியும். இப்போது வருகிற சில வண்டிகளில் கியர் ஆயில் அளவு பார்க்கும் குச்சியையே எடுத்துவிட்டார்கள். ‘இந்த ஆயில் ஆயுள் முழுவதும் போதும்’ என்று புத்தகத்தில் போட்டிருக்கிறார்கள். யாருடைய ஆயுள் என்று மட்டும் போடவில்லை. இப்படியிருக்க வீடியோக்காரர்களை மட்டும் குறை சொல்லி என்ன பயன்? சரி, எனக்குத் தெரிந்ததை எழுதுகிறேன். நீளமாக இருந்தால் செந்தில்தான் பொறுப்பு.

நிலக்கோட்டைப் பக்கம் எங்களுக்குக் கொஞ்சம் மல்லிகைத் தோட்டம் இருந்தது. விடிவதற்குள் எழுந்து பூப் பறிக்கச் சோம்பல்பட்டுத்தான் நான் ஐடிஐ சேர்ந்தேன் என்று என் தம்பி இன்றும் கிண்டல் செய்வான். அது பொய் என்று அடித்துச் சொல்ல முடியாது. படித்து முடித்துத் திண்டுக்கல்லில் ஒரு கார் ஒர்க்‌ஷாப்பில் சேர்ந்தேன். முதலில் மண்ணெண்ணெயில் பாகங்களைக் கழுவினேன், பிறகு டயர், பிரேக், அப்புறம் எஞ்சின். ரிட்டையர் ஆகும்வரை அந்தத் தொழில்தான். மற்றதெல்லாம் ஃபோர்மேன் கபூர் பாய் வேலை செய்ததைப் பக்கத்தில் நின்று பார்த்ததில் வந்தது.

கபூர் பாய் பேகம்பூரிலிருந்து சைக்கிளில் வருவார். நேற்றுச் சேர்ந்தவனைக்கூட ‘வாங்க, போங்க’ என்றுதான் சொல்வார். திட்டவே மாட்டார். நாம் தப்பாகச் செய்தால் ஸ்பேனரை வாங்கித் தானே செய்ய ஆரம்பித்துவிடுவார், நாம் கையைக் கட்டிக்கொண்டு நிற்க வேண்டும். அதற்குப் பதில் இரண்டு அறை கொடுத்திருக்கலாம் என்று தோன்றும். ஆயிலை இடது கை விரலால் மட்டுமே தொட்டு முகர்ந்து பார்ப்பார். ஏன் பாய் என்றால், வலது கையைப் பிரியாணிக்கு நேர்ந்துவிட்டிருக்கிறேன் என்பார்.

அவருக்கு ஆகவே ஆகாத ஒரு பொருள் பனியன் வேஸ்ட். திருப்பூரிலிருந்து மூட்டை மூட்டையாக வரும் அந்தத் துண்டுத் துணியில்தான் ஒர்க்‌ஷாப் முழுக்கக் கை துடைக்கும். ஆட்டோமேட்டிக் கியர் பாக்ஸ் பக்கம் அதை யாராவது கொண்டுபோனால் அவர் முகம் மாறிவிடும். உள்ளே ஆயில் ஓடுகிற துவாரங்கள் நூல் பருமன், அதிலிருந்து உதிரும் நூலும் நூல் பருமன், இரண்டும் சந்திக்கக் கூடாது என்பார். வீட்டில் துவைத்த பழைய வேட்டியைத் துண்டு துண்டாக மடித்துப் பையில் வைத்திருப்பார். அளவுக் குச்சியைத் துடைக்க அது மட்டும்தான்.

வண்டி உள்ளே வந்ததும் அவர் கேட்கிற முதல் கேள்வி, “ஓட்டுறது யாரு?” அந்தக் காலத்தில் ஆட்டோமேட்டிக் கார் வைத்திருந்தவர்கள் பெரிய முதலாளிகள். அவர்களே முன்னால் வந்து நின்று வியாதியை விவரிப்பார்கள். பாய் எல்லாவற்றையும் மரியாதையாகக் கேட்டுக்கொண்டு, பின்னால் நிற்கும் டிரைவரைத் தேடிப் போவார். “மொதலாளிக்கு வண்டியோட வெல தெரியும், வண்டிய டிரைவருக்குத்தான் தெரியும்” என்று எங்களிடம் மெதுவாகச் சொல்வார்.

ஒரு தடவை தோல் வியாபாரி ஒருவரின் கார் வந்தது. எந்த கியரில் போட்டாலும் நகரவில்லை. கம்பெனியே மோசம் என்று முதலாளி கத்திக்கொண்டிருந்தார். டிரைவர் தூணோரம் நின்று தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். பாய் அவரை டீக்கடைக்குக் கூட்டிப்போனார், நானும் கூடப் போனேன். டீ பாதி குடித்த பிறகுதான் அந்த மனிதருக்கு வாய் வந்தது. வத்தலக்குண்டு ரோட்டில் எஞ்சின் நின்றுவிட, முதலாளிக்குத் தெரிய வேண்டாம் என்று லாரியில் கயிறு கட்டித் திண்டுக்கல் வரை இழுத்து வந்திருக்கிறார். சாதாரணக் காரை நியூட்ரலில் போட்டு அப்படி இழுக்கலாம். ஆட்டோமேட்டிக் காரில் எஞ்சின் ஓடினால்தான் கியர் பாக்ஸுக்குள் ஆயில் ஓடும். எஞ்சின் நின்றிருக்கச் சக்கரம் மட்டும் சுற்றினால் உள்ளே இருப்பதெல்லாம் வறண்டு சுற்றித் தேய்ந்து கருகும்.

திரும்பி வந்து அடியில் இருக்கும் போல்ட்டைக் கழற்றினோம். சிவப்பாக வர வேண்டிய ஆயில் கறுப்பாக வந்தது. அடிப்பிடித்த பால் போல ஒரு வாடை. அந்த வாடையை இன்று தூக்கத்தில் கேட்டாலும் சொல்லிவிடுவேன். பாய் கையைத் துடைத்துக்கொண்டு முதலாளியிடம் போய், இழுத்ததால் வந்தது என்பதை மறைக்காமல் சொன்னார். கூடவே, இந்த வண்டியை இழுக்கக் கூடாது என்று டிரைவருக்கு நாமும் சொல்லவில்லை, நீங்களும் சொல்லவில்லை என்றார்.  டிரைவருக்கு வேலை போகவில்லை. நான் பார்த்த வேலைகளிலேயே சுத்தமான வேலை அதுதான் என்பேன்.

இனி செந்தில் கேட்ட விஷயத்துக்கு வருகிறேன். நான் ரிட்டையர் ஆன பிறகு, ஆயுத பூஜை முடிந்து சில வாரம் கழித்து அவனிடமிருந்து போன் வந்தது. சேவுகம்பட்டியில் ஒரு ஆட்டோமேட்டிக் கார், ஓடுகிற ஓட்டத்தில் இழுவையை விட்டுவிடுகிறது, கட்டி இழுத்து வரச் சொல்லட்டுமா என்று கேட்டான். ‘இழுத்து’ என்ற சொல்லைக் கேட்டதும் எனக்குத் தோல் வியாபாரியின் கார்தான் ஞாபகம் வந்தது. வேண்டாம், நானே போகிறேன் என்று பையைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறினேன். பையில் நீளமூக்குப் புனல், மெல்லிய ட்யூப், பெரிய சிரிஞ்சு, அளவு கோடு போட்ட ஜாடி, என் மனைவிக்குத் தெரியாமல் கிழித்த ஒரு வேட்டித் துண்டு.

அது வளர்மதி டீச்சரின் வண்டி. சின்னாளபட்டியில் ஒரு பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். சிறு வயதில் இளம்பிள்ளை வாதம் வந்து இடது கால் சூம்பிவிட்டது. கிளட்ச் மிதிக்க இடது கால் வேண்டும் என்பதால் மற்ற கார்களை அவரால் ஓட்ட முடியாது. ஆட்டோமேட்டிக் காருக்கு வலது கால் ஒன்று போதும். இந்தக் கார் வருவதற்கு முன்னால், பஸ் மாறி பஸ் ஏறி, ஒவ்வொரு படியிலும் யாராவது கைகொடுத்துத் தூக்கிவிட்டுத்தான் பள்ளிக்கூடம் போயிருக்கிறார். கார் வந்த பிறகு யார் கையும் தேவைப்படவில்லை.

நான் போனபோது வீட்டில் மூன்று பேரும் வாசலில் இருந்தார்கள். அப்பா அழகர்சாமி ஐயா, தென்னந்தோப்புக்காரர், எழுபதைத் தாண்டியவர். தம்பி முருகேசன், வத்தலக்குண்டில் உரக்கடை வைத்திருக்கிறார். டீச்சர் கதவோரம் நாற்காலியில். முருகேசன்தான் முதலில் பேசினார். செம்பட்டிக்கு முன்னால் ஒரு பாலம் ஏறும்போது இழுவை விட்டு வண்டி நடுரோட்டில் நின்றிருக்கிறது. பின்னால் வந்த பஸ் மயிரிழையில் ஒதுங்கிப் போயிருக்கிறது. வத்தலக்குண்டு மெக்கானிக் ஒருவர் வந்து பார்த்து, கியர் பாக்ஸ் போச்சு, விற்றுவிடுங்கள் என்றாராம். சாயங்காலம் வாங்குகிற ஆள் வருகிறார். இனிமேல் அக்காவைத் தானே பைக்கில் கொண்டுபோய் விட்டுக் கூட்டி வருவதாக முருகேசன் சொன்னார். அவரைக் கெட்டவர் என்று நினைத்துவிட வேண்டாம். பாலத்திலிருந்து அக்கா போன் செய்தபோது கேட்ட ஹாரன் சத்தம் இன்னும் காதில் இருக்கிறது என்றார்.

நான் பழக்க தோஷத்தில், ஓட்டுவது யார் என்று கேட்டேன். அப்பாவும் மகனும் ஒரே நேரத்தில் பதில் சொல்லத் தொடங்கினார்கள். கதவோரத்திலிருந்து குரல் வந்தது.

“நாந்தாண்ணே ஓட்டுறேன். என்னைய இதுவரைக்கும் யாரும் கேக்கல.”

கேட்டேன். கணக்கு டீச்சர் கணக்காகவே சொன்னார். காலையில் வீட்டிலிருந்து எடுக்கும்போது ஒரு குறையும் இல்லை. ஓடி ஓடிச் சூடேறிய பிறகுதான் வம்பு. ஆக்சிலேட்டரை மிதித்தால் எஞ்சின் சத்தம் ஏறும், வண்டி ஏறாது. ஓரமாக நிறுத்திச் செத்த நேரம் சும்மா இருந்தால் மறுபடி சமர்த்தாகப் போகும். ஆயுத பூஜைக்கு முன்னால் இப்படி இருந்ததே இல்லை.

பூஜைக்கு என்ன செய்தீர்கள் என்று கேட்டேன். இதற்குப் பதில் சொல்ல அழகர்சாமி ஐயா காத்துக்கொண்டிருந்ததைப் போல முன்னால் வந்தார். வருஷா வருஷம் பூஜைக்கு முன்னால் பம்புசெட், மருந்தடிக்கிற மிஷின் எல்லாவற்றுக்கும் அவரே ஆயில் மாற்றிவிடுவாராம். இந்த வருஷம் மகளின் காருக்கும் கியர் ஆயில் மாற்றியிருக்கிறார். தோப்பு வாய்க்காலுக்கு மேல் இரண்டு பக்கமும் சக்கரம் இருக்கும்படி காரை நிறுத்தி, வாய்க்காலுக்குள் படுத்துக்கொண்டு போல்ட்டைக் கழற்றினாராம். எங்கள் ஒர்க்‌ஷாப்பில் அதற்கென்று சிமெண்டுக் குழி வெட்டி வைத்திருந்தோம், இவருக்கு வாய்க்கால் போதும். யோசனையை மனதுக்குள் மெச்சினேன்.

“ஒஸ்தி ஆயிலுதான் தம்பி. கொறையே வைக்கல” என்றார்.

எஞ்சினை ஓடவிட்டு, பானட்டைத் திறந்து குச்சியை உருவினேன். ஆயில் புதுசு, நல்ல சிவப்பு. ஆனால் இருக்க வேண்டிய கோட்டுக்கு ரொம்ப மேலே ஏறி நின்றது. குச்சியோடு சின்னச் சின்னக் குமிழும் வந்தது. எனக்குப் பாதி புரிந்துவிட்டது. மீதிப் பாதி தெரிய வேண்டுமானால் இறக்கிய பழைய ஆயிலைப் பார்க்க வேண்டும். அது கருகியிருந்தால் கியர் பாக்ஸ் முன்பே தேய்ந்துவிட்டது என்று அர்த்தம், நான் என்ன செய்தாலும் வீண். கருகாமல் இருந்தால் நம்பிக்கை உண்டு.

பழைய ஆயில் எங்கே என்று கேட்டால், கட்டுத்தறியில் என்றார் பெரியவர். நம் பக்கத்து விவசாயி பழைய ஆயிலை வீணாக்குவாரா? கரையான் ஏறாமலிருக்க மாட்டுக் கொட்டகைத் தூண்களுக்கு அடித்துவிட்டிருக்கிறார். சரி என்று அவரோடு கொட்டகைக்குப் போனேன். ஒவ்வொரு தூணாக மூக்கை வைத்து முகர்ந்ததை அங்கே கட்டியிருந்த பசு தலையைத் தூக்கி வேடிக்கை பார்த்தது. சாணி வாடைக்கும் கோமிய வாடைக்கும் நடுவே எனக்கு ஒன்றும் பிடிபடவில்லை. நல்லவேளை, மூலையில் பிரஷ் ஊறிக் கிடந்த சிரட்டையில் கொஞ்சம் மிச்சம் இருந்தது. ஒரு சொட்டைச் செய்தித்தாளில் விட்டுப் பரவட்டும் என்று காத்திருந்தேன். பழுப்பேறிய சிவப்பு. இடது கை விரலில் தொட்டு முகர்ந்தேன். பழைய ஆயில் வாடை இருந்தது, அடிப்பிடித்த பால் வாடை இல்லை. இரும்புத்தூள் இருக்கிறதா என்று விரலால் தேய்த்துப் பார்த்தேன், நெருடவில்லை. மனசுக்குள் அந்தோணியாருக்கு ஒரு நன்றி சொன்னேன்.

பெரியவர் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். எவ்வளவு ஊற்றினீர்கள் என்று கேட்டேன். வண்டிப் புத்தகத்தில் போட்டிருந்த அளவு பூராவும், அதற்கு மேல் கையால் கொஞ்சம் என்றார். தப்பு அங்கேதான். எஞ்சினுக்கும் கியர் பாக்ஸுக்கும் நடுவே குடம் மாதிரி ஒன்று இருக்கிறது. போல்ட்டைக் கழற்றினால் கீழே இருக்கிற ஆயில்தான் வடியும், குடத்துக்குள் இருப்பது பெரும்பாலும் அங்கேயே தங்கிவிடும். புத்தகம் சொல்வது இரண்டும் சேர்ந்த கணக்கு. வடிந்தது எவ்வளவோ அவ்வளவுதான் திரும்ப ஊற்ற வேண்டும். அதனால்தான் கபூர் பாய் இறக்கிய ஆயிலை அளக்காமல் புது டப்பாவைத் திறக்கவே விடமாட்டார். அதிகமாக இருந்தால் உள்ளே சுற்றுகிற சக்கரங்கள் ஆயிலை மோர் கடைகிற மாதிரி கடைந்து நுரையாக்கிவிடும். சூடேறினால் ஆயில் இன்னும் உப்பும், நுரை இன்னும் கூடும். நுரைக்கு வண்டியை இழுக்கிற தெம்பு கிடையாது. நிறுத்தி வைத்தால் நுரை அடங்கும், வண்டி போகும். டீச்சர் சொன்னது ஒவ்வொன்றும் பொருந்தியது.

“அப்ப நான் ஊத்துனதுனாலயா தம்பி?”

“ஆமாய்யா. கூடிப்போச்சு.”

அவர் தூணைப் பிடித்துக்கொண்டார். அதில் அவர் அடித்த ஆயில் கையில் ஒட்டியது, அதைக்கூடக் கவனிக்கவில்லை. “கோட்டுக்கு மேல நின்னுச்சு. மேல நின்னா நல்லதுதானன்னு விட்டுட்டேன். அவ வண்டியில கொற வைக்க மனசு வரல” என்றார். அளவுக்கு மிஞ்சினால் என்று ஒரு பழமொழி என் வாய் வரை வந்தது. அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டு அதைச் சொல்கிறவன் மனிதன் இல்லை. விழுங்கிவிட்டேன்.

பிறகு அவர் என் கையைப் பிடித்துக்கொண்டு, மகனிடம் இதைச் சொல்ல வேண்டாம் என்று கேட்டார். கார் வாங்கும்போதே முருகேசன் வேண்டாம் என்றாராம், இவர்தான் பிடிவாதமாக வாங்கிக் கொடுத்தாராம். மகள் வண்டி பஸ்ஸில் அடிபடப் பார்த்தது தன்னால் என்று தெரிந்தால் வீட்டில் தனக்கு என்ன வாய் இருக்கும் என்றார். எனக்கு உண்மையிலேயே தர்மசங்கடமாக இருந்தது. என்னைவிட மூத்தவர், கையை விடாமல் நிற்கிறார்.

“நான் சொல்லாம இருந்துருவேன்யா. ஆனா அப்ப குத்தம் வண்டி மேல நிக்கும். சாயங்காலம் வண்டி போயிரும்” என்றேன். 

தொட்டித் தண்ணீரில் கையைக் கழுவினார். ஆயில் போகவில்லை, மறுபடி கழுவினார். பிறகு எனக்கு முன்னால் நடந்து வாசலுக்குப் போய் மகன் எதிரே நின்றார்.

“முருகேசா, வண்டியில பழுது இல்ல. நாந்தான் ஆயில கூட ஊத்திட்டேன். பாலத்துல நின்னது என்னாலதான்” என்றார்.

 முருகேசன் அப்பாவைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்து, அப்படியென்றால் வண்டி சரியாகிவிடுமா என்று கேட்டார். ஆகும் என்று உடனே சொல்ல எனக்கும் ஆசைதான். இத்தனை வாரம் நுரையில் ஓடியதில் உள்ளே தேய்ந்திருக்கலாம், கூடுதல் ஆயிலை எடுத்துவிட்டு அதே பாலத்தில் சூடாக ஏறிப் பார்த்தால்தான் தெரியும் என்றேன். வாங்குகிற ஆளைக் கொஞ்சம் தாமதமாக வரச் சொல்லிப் போன் செய்தார்.

வாசல் சரிவாக இருந்தது, சரிவில் நிறுத்தினால் குச்சி பொய் சொல்லும். தேங்காய் உலர்த்துகிற சிமெண்டுக் களம் ஒன்று பக்கத்தில் இருந்தது. ஒரு செம்புத் தண்ணீரை ஊற்றிப் பார்த்தேன், எந்தப் பக்கமும் ஓடாமல் நின்றது. காரை நியூட்ரலில் போட்டு மெதுவாகத் தள்ளிக் களத்தில் நிறுத்தினோம். டீச்சர் ஒரு முக்காலி கொண்டுவரச் சொல்லிக் காருக்குப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டார். ஜாடியைத் தன்னிடம் கொடுக்கச் சொன்னார். நான் குச்சி இருக்கும் குழாய்க்குள் ட்யூபை விட்டுச் சிரிஞ்சில் இழுத்து இழுத்துக் கொடுக்க, அவர் நுரை அடங்கும்வரை காத்திருந்து அளந்தார். நான் ஜாடிக் கோட்டைப் பார்த்து அளவைச் சொன்னால், நுரை இன்னும் அடங்கவில்லை அண்ணே, பொறுங்கள் என்பார். அவசரக்காரர்களைத் திட்டுகிற என்னையே பொறுக்கச் சொன்னது அந்தக் குடும்பத்தில் அவர் ஒருவர்தான்.

ஓரளவு எடுத்ததும் அவரையே ஓட்டுநர் இருக்கையில் உட்கார வைத்து எஞ்சினைப் போடச் சொன்னேன். பிரேக்கை மிதித்துக்கொண்டே ஒவ்வொரு கியருக்கும் லிவரைத் தள்ளி, ஒவ்வொன்றிலும் ஒரு மூச்சு நேரம் நிறுத்தி, மறுபடி பார்க்கிங்குக்குக் கொண்டுவரச் சொன்னேன். எஞ்சின் ஓடிக்கொண்டே இருக்கும்போதுதான் குச்சியை உருவிப் பார்க்க வேண்டும். நிறுத்திவிட்டுப் பார்ப்பது எஞ்சின் ஆயிலுக்கு, இதற்கல்ல. வேட்டித் துண்டால் துடைத்து, விட்டு, உருவினேன். இன்னும் கொஞ்சம் அதிகம். எடுத்தோம். பார்த்தோம். மறுபடி எடுத்தோம். பெரியவர் களத்தின் ஓரத்தில் நின்றபடி, ஜாடியில் சேரச் சேர ஆயிலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

பிறகு ஓட்டம். டீச்சர் ஓட்ட, நான் பக்கத்தில். முருகேசன் பைக்கில் பின்னால் வருவதாகச் சொன்னார், இந்தத் தடவை பஸ்ஸை மறிக்க நான் இருக்கிறேன் என்று. பெரியவர் வர மாட்டேன் என்றார். டீச்சர் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு, அப்பா ஏறினால்தான் எடுப்பேன் என்று உட்கார்ந்துவிட்டார். பெரியவர் பின் சீட்டில் ஏறி உட்கார்ந்தார்.

வேண்டுமென்றே அய்யம்பாளையம் பக்கம் ஒரு சுற்று சுற்றிச் சூடேற்றினோம். அதன் பிறகு செம்பட்டி ரோடு. பாலம் தெரிந்தது.  தொழிலில் எத்தனையோ வண்டி ஓட்டிப் பார்த்திருக்கிறேன், ஒரு ஏற்றத்துக்கு அப்படிப் பயந்ததில்லை. இதில் வண்டி நின்றால் அந்த அம்மாவின் வாழ்க்கை மறுபடி பஸ் படிக்கட்டில் போய் நிற்கும், அந்தப் பெரியவர் இனி நிமிரவே மாட்டார். ஏற்றம் தொடங்கியது. டீச்சர் மிதித்தார். எஞ்சின் சத்தம் ஏறியது, கூடவே வண்டியும் ஏறியது. உச்சியில் கியர் மாறியது தெரியவேயில்லை. எனக்குக் கண் கலங்கிவிட்டது, வெட்கப்பட என்ன இருக்கிறது.

பாலம் தாண்டித் திரும்பலாம் என்று பேசியிருந்தோம். டீச்சர் திரும்பவில்லை. நான் கையைக் காட்டினேன். இன்னும் செத்த தூரம்ணே என்றார். செம்பட்டி வரை போய், அங்கே நின்று, திரும்பி, அதே பாலத்தை மறு பக்கத்திலிருந்தும் ஏறி வந்தோம்.  பின் சீட்டில் இருந்த பெரியவரைப் பார்க்கக் கூடாது என்று நான் திரும்பவில்லை.

களத்துக்கு வந்து சூடாகவே மறுபடி அளவு பார்த்தேன், சரியாக இருந்தது. ஒரு வாரம் கழித்து ஒரு தடவை பார்க்க வேண்டும், ஓட்டத்தில் ஏதாவது வித்தியாசம் தெரிந்தால் உடனே சொல்ல வேண்டும் என்று டீச்சரிடம் சொன்னேன். வாங்க வந்த ஆள் அதற்குள் வாசலில் நின்றிருந்தார். விற்பதாக இல்லை என்று முருகேசனே சொல்லி, டீ கொடுத்து அனுப்பினார். அனுப்பிவிட்டு வந்து, அப்பாவைப் பார்க்காமல் என்னைப் பார்த்துச் சொன்னார்.

“வண்டி இருக்கட்டும்ணே. ஆனா இனிமே வீட்ல யாரும் இதுல கை வைக்க வேண்டாம். நான் ஒர்க்‌ஷாப்லயே விட்டு எடுத்தாரேன்.”

பெரியவர் தலையைக் குனிந்துகொண்டார். நியாயமான பேச்சுத்தான், நானும் தலையாட்டியிருப்பேன். டீச்சர் முக்காலியிலிருந்து எழுந்து கார் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

“வேணாம்டா. அடுத்த தடவையும் அப்பாதான் ஊத்துவாரு. எறக்குனத நான் அளந்து குடுக்குறேன், அம்புட்ட மட்டும் ஊத்தட்டும்.”

 பெரியவர் நிமிர்ந்து மகளைப் பார்த்தார். மெதுவாகச் சொன்னார்.

“கோட்டுக்குக் கீழயே நிறுத்திக்கிறேன் தாயி.”

“கீழயும் வேணாம்ப்பா” என்றார் டீச்சர். “கோட்டுல நிறுத்துங்க.”